ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி: தமிழ் பேசுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ் வழியில் படித்து, பிறகு வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ ஆங்கிலம் பேச வேண்டி வந்த பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: ஆங்கிலத்துக்கு வேண்டிய ஒலிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே உங்கள் தமிழ் வாயில் இருக்கின்றன. எந்தத் தமிழ்ச் சொல்லில் எந்த ஒலி ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வெள்ளைக்காரர் மாதிரிப் பேசினால்தான் நல்ல உச்சரிப்பா?

இல்லை. கேட்பவர் சிரமப்படாமல் புரிந்துகொண்டால் அது நல்ல உச்சரிப்பு. பேச்சில் ஊர் வாசனை தெரிவது வேறு, பேச்சு புரியாமல் போவது வேறு. கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: அயல்வாடை அதிகமாக இருந்த பேச்சையும் கேட்டவர்கள் பல நேரங்களில் முழுக்கப் புரிந்துகொண்டார்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்விலும் அப்படியே. பேச்சுத் தேர்வில் நான்கு அளவுகோல்கள் உண்டு. உச்சரிப்பு அதில் ஒன்று, கால் பங்கு மதிப்பு. அங்கே பார்ப்பது தெளிவைத்தான். தமிழ்ச் சாயல் இருக்கிறது என்பதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கலாமா?

வேண்டாம். மற்ற எதையும் விட இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விடச் சொல்வேன். கரடிக்கான ஆங்கிலச் சொல்லையும் பேரிக்காய்க்கான சொல்லையும் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'பேர்'. பூனையும் 'கேட்', வாசல் கதவும் 'கேட்'. மேற்குத் திசையும் 'வெஸ்ட்', உள்ளே போடும் பனியனும் 'வெஸ்ட்'. எழுத்தில் ஒன்றாகிவிட்ட இரண்டு சொற்கள் நாளடைவில் வாயிலும் ஒன்றாகிவிடும்.

(இந்தப் பக்கத்தில் நானே தமிழில்தான் எழுதுகிறேன். அதனால் எழுத்தைப் பார்த்து உச்சரிக்காமல், எந்தச் சொல்லைச் சொல்கிறேன் என்று பொருளை வைத்துப் பிடித்துக்கொண்டு, அகராதியில் அதன் ஒலியைக் கேளுங்கள்.)

எழுதாமல் எப்படி நினைவில் வைப்பது? காதால்தான். ஒரு புதுச் சொல்லை முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள், அதற்குப் பிறகு எழுத்தைப் பாருங்கள். வரிசை மாறினால் எழுத்து காதை ஏமாற்றிவிடும். கடன் என்ற பொருளுள்ள 'டெட்', ரசீது என்ற 'ரிசீட்', குழாய் வேலை செய்யும் 'ப்ளம்மர்' எல்லாவற்றிலும் எழுத்தில் இருக்கும் ஒரு மெய் வாயில் வராது.

தமிழில் ஒரே ஒரு 'ப' இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு. எப்படிப் பிரிப்பது?

எழுத்துத்தான் ஒன்று, ஒலி ஒன்றல்ல. 'பல்' என்று சொல்லுங்கள். அடுத்து 'பல்பு' என்று சொல்லுங்கள். முதல் எழுத்து இரண்டிலும் ப. ஆனால் தொண்டையில் இரண்டு விரலை வைத்துச் சொன்னால், 'பல்பு' தொடங்கும்போதே அதிர்வு தெரியும்; 'பல்' தொடங்கும்போது தெரியாது. அதேபோல் 'காது', 'காந்தி'. 'டீ', 'டீசல்'. உங்கள் வாய் இவற்றைத் தினமும் சரியாகவே பிரித்துச் சொல்கிறது. சுத்தமான தமிழ்ச் சொற்களிலும் இந்த அதிர்வு ஒலிகள் உண்டு: அம்பு, தங்கம், வண்டி, பந்து. மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் எப்போதும் அதிர்வோடுதான் வரும்.

ஆனால் இதோடு வேலை முடியவில்லை. ஆங்கிலத்தில் 'பேனா'வின் ப சொல்லின் தொடக்கத்தில் வரும்போது கூடவே ஒரு மூச்சும் வெடித்து வெளியே வரும். தமிழ் ப-வில் அது இல்லை. மூச்சில்லாமல் சொன்னால் ஆங்கிலேயர் காதில் அது 'பஸ்'ஸின் ப-வாகவே விழும். 'மூட்டை கட்டினேன்' என்று நீங்கள் சொல்ல, 'முதுகு' என்று அவருக்குக் கேட்கும். 'பேக்' இரண்டுக்கும் பொது.

ஒரு டிஷ்யூ காகிதத்தை உதட்டுக்கு நேரே, நான்கு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். 'பாட்டு' என்று சொன்னால் காகிதம் லேசாகத்தான் அசையும். ஆங்கிலப் 'பேப்பர்' என்று சொல்லும்போது அது எழும்ப வேண்டும். எழும்பவில்லையா? ப-வுக்கும் அடுத்த உயிருக்கும் நடுவே ஒரு சிறு 'ஹ்' விட்டுப் பாருங்கள். க, ட தொடங்கும் ஆங்கிலச் சொற்களுக்கும் இதே பயிற்சி: சாவி, பத்து. ஸ்-க்குப் பின்னால் வந்தால் மட்டும் மூச்சு வேண்டாம். 'ஸ்பூன்', 'ஸ்டாப்', 'ஸ்கூல்' மூன்றிலும் நம் தமிழ் ப, ட, க போதும்.

ஒலிகளில் ஒன்றை மட்டும் சரி செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

என் ட உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள். நாக்கை எங்கே வைக்க வேண்டும்?

பந்து, கன்று, வண்டி. இந்த மூன்றையும் மெதுவாக, நாக்கு நுனி எங்கே தொடுகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். பந்தில் நாக்கு பல்லைத் தொடும். வண்டியில் பின்னால் மடங்கி மேலண்ணத்தைத் தொடும். கன்றில் இரண்டுக்கும் நடுவே, மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஈறு மேட்டைத் தொடும். (வீட்டில் சொல்கிற 'கன்னு' உதவாது, மேடையில் வாசிப்பதுபோல் 'கன்று' என்று சொல்ல வேண்டும்.) அந்த நடு இடம்தான் ஆங்கில ட-வின் இடம். நாய்க்கான ஆங்கிலச் சொல்லை அங்கிருந்து தொடங்குங்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இது இன்னும் எளிது. 'காற்று' என்பதில் வரும் இரட்டை ற-வை அவர்கள் ர கலக்காமல் அந்த ஈறு மேட்டிலேயே சொல்கிறார்கள். அது ஏறக்குறைய ஆங்கில ஒலியேதான். அதனால்தான் இலங்கைத் தமிழில் கனடா நகரத்தை 'ரொறன்ரோ' என்று எழுதும் வழக்கம் வந்தது. சென்னைக் கண்ணுக்கு விநோதமாகத் தெரிந்தாலும் ஒலிப்படி பார்த்தால் அதில் நுட்பம் இருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும், உருட்டுகிற ட பேச்சைப் புரியாமல் ஆக்குவதில்லை. இதைக் கடைசியாகச் செய்தாலும் பரவாயில்லை.

'நன்றி' சொல்லும் சொல்லின் தொடக்கத்தில் நாக்கைக் கடிக்க வேண்டுமா?

கடிக்க வேண்டாம். நுனி மேல்பல்லின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க, காற்றை மட்டும் விடுங்கள். இதில் அதிர்வோடு வரும் வகை நமக்கு ஏற்கெனவே தெரியும். 'அது' என்று சாதாரணமாகச் சொல்லும்போது நடுவில் வரும் மென்மையான த-வை நாக்கை ஒரு நூல் முன்னே தள்ளிச் சொன்னால், ஆங்கிலத்தில் அப்பா, அம்மா, அண்ணன் என்ற சொற்களின் நடுவே வரும் ஒலி கிடைக்கும்.

வராவிட்டால் கவலை வேண்டாம். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர், பல நாட்டவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது புரிதலுக்கு எவை அவசியம் என்று 2000-இல் ஒரு பட்டியல் முன்வைத்தார். இந்த ஒலியை அதில் அவர் சேர்க்கவில்லை. தொடக்க மூச்சைச் சேர்த்திருந்தார். நம் த-வையே வைத்துக்கொள்ளலாம். ட-வாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். மூன்று, மரம் இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த வித்தியாசம்தான்.

வ எப்படி இரண்டாகும்?

நம் வ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பனியன் 'வெஸ்ட்'டுக்குக் கீழுதடு மேல்பல்லில் பட்டு அதிர வேண்டும். மேற்கு 'வெஸ்ட்'டுக்குப் பல்லே வரக் கூடாது: உதட்டைக் குவித்து 'ஊ' என்று தொடங்கி அப்படியே 'எஸ்ட்'டுக்கு வழுக்கிப் போங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால் பல் தெரிகிறதா, உதடு குவிகிறதா என்று கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

ஸ-வுக்கும் இப்படி ஒரு இணை உண்டு. 'அரிசி' என்பதற்கான சொல்லின் கடைசியில் வெறும் ஸ். 'எழு' என்பதற்கான சொல்லின் கடைசியில் அதே ஸ், தொண்டை அதிர்வோடு. ஸ்ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டே அதிர்வைச் சேர்த்துப் பழகுங்கள். உயிரியல் பூங்காவை 'ஜூ' என்று சொல்லாமல் இருக்க இது போதும்.

நம்மிடம் இருந்து ஆங்கிலத்துக்கு உதவாத ஒலியே ழ-தானே?

ழ மாதிரி உதவும் ஒலி வேறு இல்லை! அமெரிக்கர்களின் ர-வும் நாக்கு எதையும் தொடாமல் உள்ளே வளைந்து நிற்கும் ஒலிதான். நம் ர நாக்கை ஒரு தட்டுத் தட்டும், அவர்களுடையது தட்டாது. 'மழை' என்பதில் ழ-வை நீட்டிப் பிடித்து, உதட்டைக் கொஞ்சம் குவித்து, அங்கிருந்து 'சிவப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தொடங்குங்கள். ழ-வை ல-வாகவோ ள-வாகவோ சொல்லிப் பழகியவர்கள், முதலில் தமிழில் அதைத் திருத்திக்கொண்டால் இரண்டு மொழிக்கும் லாபம்.

முட்டையை 'யெக்' என்கிறேனாம். எனக்கே கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் 'எலி' என்று எழுதி 'யெலி' என்றுதான் பலரும் சொல்கிறோம். ஒ-வுக்கு முன்னால் ஒரு வ் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அது 'யெம்', 'யெட்டு', 'வொன்லி', 'வோபன்' என்று கூடவே வரும். முன்னால் ஒரு 'அன்' சேர்த்து, 'அனெக்' என்று ஒரே மூச்சில் பல முறை சொல்லுங்கள். ன் வந்து நிற்கிற இடத்தில் ய் நுழைய முடியாது. பழகிய பிறகு 'அன்'னை எடுத்துவிடலாம்.

இதற்குத் தலைகீழான தவறும் உண்டு. வருடத்துக்கான சொல்லில் ய் கட்டாயம் வேண்டும். அதை விட்டுவிட்டால் அது காதாகிவிடும்.

'பஸ்ஸு', 'இஸ்கூலு' எங்கிருந்து வருகின்றன?

தமிழ் இலக்கணத்திலிருந்தே வருகின்றன. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. முடிய வேண்டி வந்தால் ஒரு உ துணைக்கு வரும். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்தும் வராது. ஆகவே இது சோம்பேறித்தனமோ படிப்பில்லாத குறையோ இல்லை; நாக்கு தன் மொழியின் விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கிறது. ஆங்கிலத்துக்காக, கடைசி மெய்யில் வாயை மூடி அங்கேயே நிறுத்துங்கள். தொடக்கத்தில் 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று நீட்டிப் பிறகு 'கூல்' சொல்லுங்கள்.

எல்லா ஒலியும் சரியாகச் சொல்லியும் புரியவில்லை என்கிறார்களே?

அப்படியென்றால் சிக்கல் பெரும்பாலும் அழுத்தத்தில். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு அசை நீளமாகவும் உரக்கவும் சற்று மேலேறியும் வரும், மற்றவை சுருங்கும். சுருங்க வேண்டியதை நீட்டிவிட்டால், கேட்பவர் மனத்தில் வேறு சொல்லைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

'டெவலப்மென்ட்' என்பதை நாம் 'டெ'-யில் அழுத்துகிறோம். அழுத்தம் 'வெ'-யில் வர வேண்டும்: டி-வெ-லப்-மன்ட். 'ஹோட்டல்' என்பதில் அழுத்தம் கடைசியில். 'இன்ஜினியர்' என்பதிலும் கடைசியில். 'சர்ட்டிஃபிகேட்', 'கமிட்டி', 'கம்ப்யூட்டர்' மூன்றிலும் இரண்டாம் அசை. ஒரே குடும்பச் சொற்களில்கூட அழுத்தம் இடம் மாறும்: புகைப்படம் என்ற சொல்லில் முதல் அசை, புகைப்படக்காரர் என்றால் இரண்டாவது, புகைப்படம் சார்ந்த என்றால் மூன்றாவது. 'ரெக்கார்ட்' பெயராக வந்தால் முன்னால் அழுத்தம், 'பதிவு செய்' என்று வினையாக வந்தால் பின்னால். அகராதியில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு நிமிர்ந்த கோடு போட்டிருக்கும். ஒலிக்குறிகள் வேறு ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தக் கோட்டை மட்டும் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

சுருங்கும் உயிரைப் புரிந்துகொள்ள நமக்குக் குற்றியலுகரம் இருக்கிறது. 'பாட்டு' என்பதன் கடைசி உ முழு உ இல்லை, அரை மாத்திரை. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத உயிர்களில் பெரும்பாலானவை இதைப் போலத் தேய்ந்து, அ-வும் இல்லாமல் உ-வும் இல்லாமல் ஒரு மங்கலான ஒலியாக வரும். வாழைப்பழத்துக்கான சொல்லில் நடு அசை மட்டும் முழுசு. முன்னும் பின்னும் மங்கல்.

வாக்கியத்திலும் அழுத்தம் உண்டு. நாம் 'தான்' போட்டு முடிக்கிற வேலையை அவர்கள் குரலால் செய்கிறார்கள். 'நான்தான் திங்கட்கிழமை வரச் சொன்னேன்', 'நான் திங்கட்கிழமைதான் வரச் சொன்னேன்'. இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னால் சொற்கள் ஒன்றேதான். உரக்கச் சொல்லும் இடம் மட்டும் மாறும். ஆகவே ஒரு வாக்கியத்தைப் பேசுவதற்கு முன், தமிழில் 'தான்' எங்கே விழும் என்று யோசியுங்கள். ஆங்கிலத்தில் அழுத்த வேண்டிய சொல் பெரும்பாலும் அதுவே.

பதின்மூன்றா, முப்பதா? தொலைபேசியில் எப்போதும் குழப்பம்.

பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை 'டீன்' என்ற வாலை நீட்டி அழுத்துங்கள். கடைசி ன் காதில் விழ வேண்டும். முப்பது, நாற்பது என்றால் தலையை அழுத்தி, 'டி'யைச் சட்டென முடியுங்கள். செவிலியராக வெளிநாடு போகிறவர்களுக்கு இதை நான் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தருவேன். பதினைந்து மில்லிகிராம், ஐம்பது மில்லிகிராம் என்ற குழப்பம் ஒரு நோயாளியின் உடம்பில் போய் முடியும். அங்கே எண்ணைச் சொல்லிவிட்டு, 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லும் நல்ல பழக்கம் இருக்கிறது. வங்கி, டிக்கெட், வாடகை என்று எங்கும் அதையே பின்பற்றலாம்.

'வாக்கெட்', 'ஆஸ்கெட்' தவறா?

தவறுதான். இறந்தகால வினையின் கடைசியில் தனி அசை சேர்வது, மூலச் சொல் ட ஒலியில் முடிந்தால் மட்டும்: 'வான்டிட்', 'நீடிட்'. மற்றபடி 'வாக்ட்', 'வாஷ்ட்', 'ப்ளேட்' என்று மெய்யாக ஒட்டிக்கொள்ளும்.

பிரிட்டிஷ் உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா?

யாரோடு அதிகம் பேசப்போகிறீர்களோ அது. இன்னும் தெரியாது என்றால் கேட்கப் பிடித்தது. பெரிய வித்தியாசம் ஒன்று: கார் போன்ற சொற்களின் கடைசி ர-வை லண்டன் பக்கம் விட்டுவிடுவார்கள், அமெரிக்காவில் சொல்வார்கள்.

வீட்டில் தனியாக எப்படிப் பயிற்சி செய்வது?

தினம் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதை விட அது மேல். முதலில் உங்கள் வேலையில் தினம் புழங்கும் சொற்களைப் பட்டியல் போடுங்கள்: உங்கள் பெயர், ஊர், பதவி, நிறுவனம் விற்கும் பொருள். இவற்றில் ஆங்கிலச் சொற்களாக உள்ளவற்றைக் கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் கேளுங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி இரண்டும் இருக்கும். வாக்கியத்துக்குள் எப்படி வருகிறது என்று பார்க்க யூகிளிஷ் என்ற தளம் உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால் யூடியூப் காணொளிகளில் அது வரும் இடங்களைத் தேடித் தரும்.

அப்புறம் கூடவே பேசும் பயிற்சி. எழுத்துப் படியும் உள்ள ஒரு ஒலிப்பதிவை எடுங்கள்; பிபிசியின் லேர்னிங் இங்கிலீஷ் பகுதியில் நிறைய இருக்கிறது. அதில் அரை நிமிடத்தை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் சும்மா கேளுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு, அழுத்தமான சொற்களுக்குக் கோடு போடுங்கள். பிறகு பேசுபவருக்கு அரை விநாடி பின்னால், அவர் ஏறும் இடத்தில் ஏறி, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, கூடவே பேசுங்கள். கடைசியில் அதை நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் பேசி, போனில் பதிவு செய்யுங்கள். பதிவை உடனே கேட்காமல் மறுநாள் கேட்டால் காது நேர்மையாக இருக்கும். ஒரு வாரத்துக்கு ஒரே அரை நிமிடம். அலுக்கும், ஆனால் அலுக்கிற இடத்தில்தான் நாக்கு பழகத் தொடங்குகிறது.

நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் வருமா?

வரும். சின்னப் பிள்ளைகளைப் போல அயல்வாடையே இல்லாமல் பேசுவது பெரும்பாலும் நடக்காது. தெளிவு எந்த வயதிலும் கூடும். நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்ளும் பொறுமை பெரியவர்களுக்குத்தான் இருக்கிறது.

அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். வாயே திறக்கத் தோன்றவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். சிரிப்பவர்கள் மேல்தான் தப்பு. இரண்டாவது மொழியிலோ மூன்றாவது மொழியிலோ வேலை பார்க்கிற ஒருவரைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமே இல்லை. நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால் பயிற்சி நின்றுபோகும். அந்த நஷ்டம் உங்களுக்கு. பாதுகாப்பான ஒரு ஆளைத் தேடுங்கள், ஒருவர் போதும். அவரோடு தினம் ஒரு விஷயமாவது ஆங்கிலத்தில் பேசுங்கள்.

யாராவது 'புரியவில்லை' என்றால் அதே சொல்லை இன்னும் உரக்கச் சொல்லாதீர்கள். வேறு சொல் போடுங்கள், அல்லது எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். வேகத்தையும் குறையுங்கள். தமிழில் நாம் பேசும் வேகத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் அழுத்தம் விழ இடமே இருக்காது.

முன்னேற்றம் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

போனில் குரல் தட்டச்சை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாக்கியமாகச் சொன்னால் அது சூழலைப் பார்த்து ஊகித்துவிடும். ஆகவே தனிச் சொற்களாகச் சொல்லுங்கள்: கரடி, பேரிக்காய், பூனை, வாசல் கதவு, பனியன், மேற்கு, பதின்மூன்று, முப்பது. எது சரியாக விழுந்தது, எது மாறி விழுந்தது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அதே பட்டியலை, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்து, காதில் விழுந்ததை அவரை எழுதச் சொல்லுங்கள். மாறி விழுந்த சொற்கள்தான் அடுத்த மாதத்துக்கான பாடம்.